கால்வயிறு மாஸ்டர்

எங்கள் தெருவில் ஒரு பன்னை நிம்மதியாக வாயில் வைக்க முடியாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வைத்தால் போதும், எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்துவிடும். "அது மைதா. உள்ள போய் பசை மாதிரி ஒட்டிக்கும்." யார் என்று திரும்பிப் பார்க்கவே வேண்டாம். டெய்லர் மாஸ்டர்தான்.

என் ஜெராக்ஸ் கடைக்கும் அவருடைய தையல் கடைக்கும் நடுவில் ஒரு வண்டி போகிற அகலம்தான். அவர் கடையில் நடப்பது எல்லாம் எனக்குத் தெரியும், என் கடையில் நடப்பது எல்லாம் அவருக்குத் தெரியும். முன்பெல்லாம் இதில் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. மாஸ்டர் வாய் பேசாத மனிதர். நாள் முழுக்க உதட்டுக்கு நடுவே குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருப்பார், கேட்டதற்குத் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். அந்தக் குண்டூசிகள் எங்களுக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்துகொண்டிருந்தன என்பது இப்போதுதான் தெரிகிறது.

போன வெயில் காலத்தில் ஒரு மத்தியானம் அவர் தையல் மெஷின்மேலேயே சரிந்துவிட்டார். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, போட்ட சத்தத்தில் நானும் காய்கறிக் கடைக்காரம்மாவும் ஓடினோம். ஆளைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டுமே ஏறியிருந்தன. டாக்டர் நல்ல மனுஷன், நிதானமாகத்தான் சொன்னார்: சாப்பாட்டைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், காலையில் நடங்கள். டாக்டர் அதை அவருக்குச் சொன்னார். இவர் அதைத் தெருவுக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் அவர் சாப்பாடு தலைகீழாக மாறியது. அவித்த காய், அவித்த முட்டையில் மஞ்சள் நீக்கிய பாதி, உப்பில்லாத ஏதோ ஒன்று. சில மாதங்களில் ஆள் பாதியாகிப்போனார். தன்னுடைய கால்சட்டைகளைத் தானே பிரித்து இடுப்பைச் சுருக்கித் தைத்துக்கொண்டு, பட்டியைப் பிடித்து இழுத்துக் காட்டுவார். "பாத்தீங்களா, இதுக்குள்ள இன்னொரு ஆள் நிக்கலாம்." ஒருமுறை காட்டினால் பரவாயில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினால் எப்படி?

அப்புறம் போதனை. பேப்பர் போடுகிறவரிடம், "சைக்கிள்ல போறது நடக்கிற கணக்குல சேராது." காய்கறிக் கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், "அத வைம்மா, வெள்ளரிக்காய் எடு." கடைக்காரம்மா எடைக்கல்லைத் தூக்கிவிட்டார். "மாஸ்டர், உங்க கத்தரிக்கோல நான் வந்து எடுத்தேனா? என் உருளைக்கிழங்கப் பத்தி இன்னொரு வார்த்த பேசுனீங்க, இந்தக் கல்லு உங்க மண்டைலதான் விழும்." மாஸ்டருக்கு அதிலும் வருத்தமில்லை. "கோபப்பட்டா பிரஷர் ஏறும்மா" என்றார்.

என்னை மட்டும் விட்டுவைப்பாரா? "ஜெராக்ஸ், காலைலேருந்து பாக்குறேன், நாற்காலிய விட்டு எழுந்திருக்கவே இல்ல. நாளைக்குக் காலைல வாங்க, சேர்ந்து நடப்போம்." தினமும் இதே பாட்டு. முட்டி வலி என்றேன், பனி ஒத்துக்கொள்ளாது என்றேன், மிஷினுக்கு ஆள் வருகிறான் என்றேன். என் சாக்குப்போக்குகள் தீர்ந்துபோயின, அவர் அழைப்பு தீரவில்லை. எல்லாரிடமும் கடைசியில் ஒன்றையே சொல்லி முடிப்பார்: "எத சாப்பிட்டாலும் கால் வயிறு காலியா இருக்கணும்." தெரு அவருக்குக் கால்வயிறு என்று பேர் வைத்துவிட்டது. அவர் காதிலும் அது விழுந்திருக்கும். பட்டமாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் அவர் தொழில் இடுப்பளவு எடுக்கிற தொழில் ஆயிற்றே.

அந்தக் கடைக்கு ஒரு மரியாதை இருந்தது. மாஸ்டர் யாருடைய இடுப்பளவையும் வாயால் சொன்னதே கிடையாது. நாடாவைச் சுற்றி, எண் வந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து, அப்படியே அக்கா பக்கம் திருப்புவார். அக்கா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு துண்டுத் துணியில் சாக்பீஸால் எழுதிக்கொள்வார். அளவு கொடுக்க வந்தவருக்கே தன் அளவு தெரியாது. உடம்பு பெருத்தவர்கள், பிள்ளை பெற்று வந்தவர்கள், வயசானவர்கள் எல்லாம் தூரத்திலிருந்து இங்கே வந்தது தையலுக்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான். இப்போது அந்த மனிதர் நாடாவைச் சுற்றும்போதே ஆரம்பித்துவிடுகிறார். "என்ன டீச்சர், போன தடவைக்கு ரெண்டு இஞ்ச் ஏறிடுச்சே! பள்ளிக்கூடத்துல மாடிப்படி இருக்குல்ல? அதுல ஏறி இறங்குங்க." அந்த டீச்சர் மேசையிலிருந்த தன் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவரோடு அந்தப் பள்ளிக்கூடமே போனது.

கடையில் பாதி வேலை அக்காவுடையது. காஜா எடுப்பது, ஹூக் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் அவர் கைவேலை. "இந்த மனுஷன் வாய்க்கு ஒரு காஜா எடுத்து பட்டன் போடணும்" என்று அடிக்கடி சொல்வார். சிரித்துக்கொண்டே சொன்னவர் போகப்போகச் சிரிக்காமல் சொல்ல ஆரம்பித்தார்.

அக்காவுக்கு ஒரே அண்ணன். பஸ் டிரைவர். நல்ல உயரம், உயரத்துக்கு மேலேயே அகலம். அவர் மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. காலை ஷிப்ட் முடிந்ததும் டிப்போவிலிருந்து நேராகத் தங்கச்சி கடைக்கு வருவார். கட்டிங் மேசையில் கிடக்கும் துணியைச் சுருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு அக்கா அதிலேயே சாப்பாடு வைப்பார். டிரைவர் சாப்பிடுவதைப் பார்த்தால் நமக்குப் பசி வரும். தட்டைத் தன் பக்கம் இழுத்து, சோற்றை விரலால் பதமாகப் பிசைந்து, மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்து, அவசரமே இல்லாமல் சாப்பிடுவார். பக்கத்தில் மாஸ்டர் தன் அவித்த காயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"மச்சான், அது ரெண்டாவது மீனு."

"ஆமா மாப்பிள்ள. மொத மீனு உள்ள தனியா இருக்குமேன்னு துணைக்கு அனுப்புறேன்."

"சிரிக்காதீங்க. நாள் பூரா உக்காந்தே இருக்கீங்க நீங்க."

"நின்னுகிட்டு பஸ் ஓட்ட முடியாதே மாப்பிள்ள."

"ஸ்டியரிங்ல வயிறு இடிக்குதா இல்லியா? உண்மையச் சொல்லுங்க."

"இடிக்குது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பழகிடுச்சு, சண்டை கிடையாது."

"என்னங்க, வந்தவர சாப்பிட விடுங்களேன்" என்பார் அக்கா. "உங்க தட்டப் பாத்து நீங்க சாப்பிடுங்க."

"எனக்கென்ன, நான் நல்லதுக்குச் சொல்றேன்."

"நல்லதுக்குச் சொல்றேன், நல்லதுக்குச் சொல்றேன்... அந்த நல்லதக் கொஞ்சம் பொட்டில போட்டுப் பூட்டுங்க. அண்ணே, நீ சாப்பிடு."

இப்படியே பல மாதங்கள் ஓடின. டிரைவர் எல்லாவற்றையும் சிரித்தே தள்ளிவிடுவார். ஒரு நாள் மட்டும் தள்ள முடியவில்லை. அன்று அக்கா இன்னொரு கரண்டி சோறு போட வந்தபோது மாஸ்டர் கையை நீட்டித் தட்டின்மேல் குறுக்கே வைத்தார். வைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னும் ரெண்டு மாசத்துல ரிடையர் ஆகப் போறீங்க. இந்தச் சாப்பாடு சாப்பிட்டா அதுக்கப்புறம் ஒரு வருஷம் தாங்க மாட்டீங்க மச்சான். எழுதி வச்சுக்குங்க."

டிரைவர் அந்தக் கையைப் பார்த்தார். தட்டில் பாதிச் சோறு இருந்தது. "போதும்மா" என்று தங்கச்சியிடம் சொல்லி எழுந்து கையைக் கழுவினார். தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அக்கா டிபன் கேரியரில் சாப்பாடு போட்டு அந்த வழியாகப் போகும் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். கேரியர் சாயங்காலம் திறக்காமல் அப்படியே திரும்பி வந்தது. "டிப்போலயே சாப்பிட்டுக்கிறாராம். நீங்க சிரமப்பட வேணாம்னு சொல்லச் சொன்னாரு" என்றார் கண்டக்டர். அக்கா அதைக் கேட்டுவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து மாஸ்டரோடு வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சு இல்லை. நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது. மாஸ்டர் என்னிடம் வந்து, "ரோஷத்துல ரெண்டு வேளை சாப்பிடாம இருந்தாலும் உடம்புக்கு நல்லதுதான்" என்றார். ஜெராக்ஸ் மிஷினின் மூடியை ஓங்கிச் சாத்தினேன்.

ரிடையர் ஆகிற டிரைவருக்குக் கடைசி நாளுக்கென்று டிப்போவில் புது யூனிபார்முக்குத் துணி கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு கடைசி டிரிப் ஓட்டுவார், திரும்பி வந்ததும் எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தத் துணியும் கண்டக்டர் கையில்தான் வந்தது. அளவு கொடுக்க ஆள் வரவில்லை. "பழைய அளவுலயே தைக்கச் சொன்னாரு" என்றார் கண்டக்டர். அக்காவுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. வேறு டெய்லரிடம் கொடுக்காமல் இங்கே அனுப்பியிருக்கிறாரே, அந்த மட்டும் ஒட்டு இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். மாஸ்டர் அன்றைக்கே துணியை மேசையில் விரித்தார். வழக்கத்துக்கு மாறாக வெகு நேரம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு வெட்டினார்.

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. அக்கா யூனிபார்மைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பொரித்த மீனும் சோறும் கேரியரில் எடுத்துக்கொண்டு, தானே டிப்போவுக்குப் போனார். அங்கே நடந்ததை அக்கா சொன்னதும் கண்டக்டர் சொன்னதும் சேர்த்துத்தான் நான் சொல்கிறேன்.

டிரைவர்கள் ஓய்வெடுக்கிற அறை. ஈரச் சட்டைகளும் டீசல் நாற்றமுமாக நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சியைப் பார்த்ததும் டிரைவர் எழுந்து வந்து, "மழைல எதுக்கும்மா வந்த?" என்றார். அவ்வளவுதான், அக்காவுக்கு அழுகை முட்டியது. "போட்டுப் பாரு அண்ணே, எதாவது சரி பண்ணணும்னா நாளைக்குள்ள பண்ணிடலாம்" என்று பையை நீட்டினார். அவர் மறைப்புக்குப் பின்னால் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார், அழகாகப் பொருந்தியிருந்தது. கால்சட்டை தொடை வரைக்கும் சரியாக ஏறியது. இடுப்பில் நின்றுவிட்டது. ஹூக்கும் அதன் கண்ணும் நாலு விரல் தள்ளி நின்றன. அவர் மூச்சை இழுத்துப் பார்த்தார், வயிற்றை உள்ளே எக்கிப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர் சிரித்துவிட்டார். இன்னொருத்தர், "அண்ணே, கடைசி டிரிப்ப பட்டினி கிடந்துதான் ஓட்டணும்போல" என்றார்.

"மாப்பிள்ளைக்கு வயசாகுதுல்ல, கை தவறியிருக்கும்" என்று டிரைவர் சொன்னார். அவமானத்தில் காது மடல் சிவந்திருந்தாலும் தங்கச்சி புருஷனை விட்டுக்கொடுக்கவில்லை.

"கழட்டிக் குடு அண்ணே, உள்ள துணி இருக்கும், பிரிச்சு விட்டுடலாம்" என்று அக்கா வாங்கி இடுப்புப் பட்டியைத் திருப்பினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எந்த டெய்லரும் கால்சட்டையின் பின் தையலில் உள்ளே இரண்டு மூன்று விரல் துணியை மடித்து விட்டுத்தான் தைப்பார். நாளைக்கு ஆள் பெருத்தால் பிரித்து விடுவதற்காக. மாஸ்டர் அதில் ரொம்பக் கெட்டி, மற்றவர்களைவிட ஒரு விரல் அதிகமாகவே விடுவார். அக்கா திருப்பிப் பார்த்தபோது உள்ளே துணியே இல்லை. தையலை ஒட்டிக் கத்தரி ஓடியிருந்தது. கை தவறினால் அளவு தவறும். உள்துணி தானாக நறுக்கப்படாது. முழங்கால் வரைக்கும் நனைந்தபடி அங்கேயே நின்று அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கேரியரை டிரைவர் வாங்கவில்லை.

அக்கா திரும்பி வந்தபோது நான் தையல் கடையில்தான் இருந்தேன். கரண்ட் இல்லாததால் மிஷினை நிறுத்திவிட்டு, காலர் கிழிந்த சட்டை ஒன்றைக் கொடுக்கப் போயிருந்தேன். என் காலரை விட்டுவிட்டு மாஸ்டர் என் தொப்பையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே நுழைந்து கால்சட்டையை அவர் முன்னால் மேசையில் போட்டார்.

"இது என்ன?"

மாஸ்டர் பார்த்தார். "ஏன், பத்தலியா?"

"பத்தாதுன்னு தெரிஞ்சுதான வெட்டினீங்க?"

"இப்பப் பத்தாது. ரிடையர் ஆன பின்னாடி கொஞ்சம் கொறச்சுக்கிட்டா..."

"அவரு இத நாளன்னிக்கிப் போடணும்!"

"அப்படி ஒரு கட்டாயம் இருந்தாத்தான் மனுஷன் கொறைப்பான். நானும் அப்படித்தான்..."

"உள்துணியையும் நறுக்கிட்டீங்க."

"விட்டு வச்சா நீ பிரிச்சுக் குடுத்துடுவ. எனக்குத் தெரியும்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நான் வாசல் பக்கம் நகரப் பார்த்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, போகவும் வழியில்லை.

அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஈரமான முடியை ஒதுக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அத்தன பேரு முன்னாடி அண்ணன் அரையும் குறையுமா நின்னுச்சு. சிரிச்சாங்க. அப்பவும் உங்கள விட்டுக் குடுக்கல. 'மாப்பிள்ளைக்குக் கை தவறிடுச்சு'ன்னுச்சு. கை தவறலன்னு எனக்கு மட்டும் தெரியும். அந்த இடத்துல நான் எப்படி நின்னிருப்பேன்?"

"நான் கெட்டதாவா நினைச்சேன்? சொல்லு. அவரு செத்துப் போயிடக் கூடாதுன்னு நினைக்கிறது தப்பா?"

"தப்பில்ல. ஆனா நீங்க டாக்டர் இல்ல, டெய்லர். வந்தவங்க உடம்புக்குத் துணிய வெட்டணும். துணிக்கு உடம்ப வெட்டச் சொல்லக் கூடாது. எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கிறது அந்த ஒரு ஆளு. அவரு என் கையால சாப்பிட்டு ரெண்டு மாசம் ஆச்சு. நீங்க கெடுத்தீங்க, நீங்களே போய்ச் சரி பண்ணுங்க. டேப்ப எடுத்துக்கிட்டு அவரு வீட்டுக்குப் போங்க. மன்னிப்பு கேளுங்க. அளவு எடுங்க. அவரு நாளன்னிக்கிக் பழைய யூனிபார்ம்ல பஸ் ஓட்டினாருன்னா, இந்தக் கடைல நான் இனிமே ஒரு ஹூக்கு வைக்க மாட்டேன்."

மாஸ்டர் கால்சட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஜெராக்ஸ், நீங்க கூட வரீங்களா?"

எனக்கு என்ன தலையெழுத்து? காலர் தைக்க வந்தவன் நான். ஆனால் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மறுக்க முடியவில்லை. ஒரே குடையில் இரண்டு பேரும் போனோம். போகிற வழியிலும் அவர், "பாத்தீங்களா, இப்ப நடக்கிறீங்கள்ல, உடம்பு எவ்வளவு லேசா இருக்கு" என்றார். குடையை அவர் பக்கம் சாய்க்காமல் நேராகப் பிடித்துக்கொண்டேன்.

டிரைவர் வீடு இரண்டாவது மாடி. குறுகிய படிக்கட்டு, சுவர் எல்லாம் ஈரம். முதல் வளைவு வரைக்கும் ஏறிய மாஸ்டர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது. மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தேன், அப்படியும் தெரியவில்லை.

"என்ன மாஸ்டர், முடியலியா?"

"முடியும். ஆனா... நடுவுல விழுந்துட்டா?"

"நீங்க ஏன் விழுறீங்க? தினமும் அவ்வளவு தூரம் நடக்கிறவரு."

அவர் கீழே பார்த்தார். "எங்க நடக்கிறேன்? முனைல பஸ் ஸ்டாப் பெஞ்சு இருக்குல்ல, அதுவரைக்கும் போவேன். அங்கேயே உக்காந்திருந்துட்டு நேரமானதும் திரும்பி வந்துடுவேன்."

"ஒரு வருஷமாவா?"

"ஆரம்பத்துல நல்லாத்தான் நடந்தேன். ஒரு நாள் பாலத்துகிட்ட தலை சுத்திடுச்சு. சுத்திலும் ஒருத்தர் இல்ல. அன்னிக்கு மாதிரியே கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. தரைலயே உக்காந்துட்டேன். அதுலேருந்து தனியாப் போறதுன்னா காலு நகர மாட்டேங்குது, ஜெராக்ஸ். யாராவது கூட வந்தாப் போயிடுவேன். அதான் எல்லாரையும் கூப்பிடுறேன். ஒருத்தரும் வர மாட்டேங்கிறீங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதானா இந்த ஆள் ஒரு வருஷம் ஊரையே நடக்கச் சொல்லி உயிரை வாங்கினார்! "இத வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே" என்று சத்தமாகவே கேட்டேன். சொல்லும்போதே கோபம் பாதியில் இறங்கிப்போனது. பாவமாக இருந்தது.

மேலே ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். டிரைவர் மேல்படியில் கைலியோடு நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. "மெதுவா ஏறி வாங்க மாப்பிள்ள. படி வழுக்கும்" என்றார்.

வீட்டில் ஓர் அறை, ஒரு சமையலறை. அடுப்பு துடைத்து வைத்தபடி இருந்தது. துடைத்து வெகு நாளாகிப் புழுதியும் படிந்திருந்தது. மேசையில் பன் சுற்றிய கவர் ஒன்றும் டீ குடித்த கிளாஸ் ஒன்றும் இருந்தன. மாஸ்டரின் கண் நேராக அந்தக் கவருக்குத்தான் போனது. வாய் திறந்தது. நான் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன்.

ஆனால் டிரைவர் பார்த்துவிட்டார். "சொல்லுங்க மாப்பிள்ள. மைதா. உள்ள போய் ஒட்டிக்கும்."

"இல்ல மச்சான், நான் ஒண்ணும்..."

"டாக்டர் போன வருஷமே எனக்கும் சொல்லிட்டாரு. உங்களுக்குச் சொன்னதெல்லாம் எனக்கும் சொன்னாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? அவ போனதுலேருந்து இந்த அடுப்ப நான் பத்த வைக்கல. தனியா உக்காந்து சாப்பிடச் சோறு எறங்க மாட்டேங்குது. காலைல டீ, ராத்திரி பன்னு. நடுவுல தங்கச்சி கடை மேசைல மனுஷங்களோட உக்காந்து ஒரு வேளை. அந்த ஒரு வேளைலதான் நீங்க மீன எண்ணுனீங்க."

மாஸ்டர் நாடாவைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். "என்ன மன்னிச்சிடுங்க மச்சான்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்குப் பயம். எனக்கு ஆனது உங்களுக்கும் ஆயிடுமோன்னு பயம். பயத்துல என்ன பேசறேன்னே தெரியாமப் பேசிட்டேன். துணிலயும் காட்டிட்டேன்."

"சரி, அளவ எடுங்க" என்று டிரைவர் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

மாஸ்டர் நாடாவைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தார். ஒன்றுமே சொல்லவில்லை. அந்த ஒரு வருஷத்தில் அவர் செய்த பெரிய உடற்பயிற்சி அதுதான் என்பேன்.

டிப்போ துணி கடைகளில் கிடைக்காது. சட்டையும் கால்சட்டையும் ஒரே துணிதான் என்பதால், மாஸ்டர் டிரைவரிடமிருந்து சட்டையையும் வாங்கி வந்து, அதன் கீழ்ப் பகுதியிலிருந்து ஒரு பட்டையை வெட்டி எடுத்தார். எப்படியும் உள்ளே செருகுகிற பகுதிதானே. அந்தப் பட்டையைக் கால்சட்டையின் பின் தையலில் வைத்து இணைத்தார். மறுநாள் முழுக்க அதே வேலை. ஒட்டுத் தெரியக்கூடாது என்று தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தைத்தார். உள்ளே மூன்று விரல் துணியும் விட்டார். அக்கா ஹூக் வைத்துக் கொடுத்தார்.

கடைசி நாள் மழை விட்டிருந்தது. சாயங்காலம் டிரைவரின் பஸ் எங்கள் தெரு வழியாக வந்தது. இங்கே ஸ்டாப் கிடையாது. இருந்தும் தையல் கடைக்கு நேராக வந்து நின்றது. புது யூனிபார்மில் டிரைவர் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார், முன்னால் வயிறும் ஸ்டியரிங்கும் வழக்கம்போல ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தன. காய்கறிக் கடைக்காரம்மா கை தட்டினார். அக்கா ஊசியும் கையுமாக வாசலுக்கு ஓடி வந்து, அண்ணனைப் பார்த்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா, நாளைக்கு மத்தியானம் மீன் உண்டா?"

"வா அண்ணே. நீ வா, என்ன வேணும்னாலும் உண்டு."

"மாப்பிள்ள!" டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "நாளைலேருந்து நான் சும்மாதான். காலைல வந்து கூப்பிடுறேன். மொதல்ல அந்தப் பெஞ்சு வரைக்கும் போவோம். அப்புறம் பெஞ்சத் தாண்டிப் போலாமான்னு பாப்போம்."

"அண்ணே, வண்டிய எடுங்கண்ணே, வீட்டுக்குப் போகணும்" என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். பஸ் கிளம்பிப் போய்விட்டது. மாஸ்டர் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்தப் பெஞ்சு?" என்றார் அக்கா.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். இது எனக்குத் தேவையா?

"உங்களத்தான் கேக்கிறேன். அண்ணன் எந்தப் பெஞ்சச் சொல்லுச்சு?"

மாஸ்டர் சொன்னார். பாலத்தருகே தலை சுற்றியது, கால் நகராமல் போனது, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தது, எல்லாவற்றையும் நடுத்தெருவில் நின்றபடி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன். காய்கறிக் கடைக்காரம்மாகூடத் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"பேப்பர்காரரக் கூப்பிட்டீங்க" என்றார் அக்கா. "இந்த ஜெராக்ஸக் கூப்பிட்டீங்க. அந்த டீச்சரக் கூப்பிட்டீங்க. ஊருல ஒருத்தர் பாக்கி இல்லாமக் கூப்பிட்டீங்க. என்னைய ஒரு நாள் கூப்பிட்டீங்களா?"

"நீ பயந்துடுவியேன்னுதான்..."

"நீங்க மெஷின்மேல விழுந்த அன்னிக்கே நான் பயந்துட்டேன். இன்னும் தெளியல." அக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். "தினமும் நீங்க கதவத் திறந்துகிட்டுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் நான் அடுப்படில நிக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் பெஞ்சுல உக்காந்திருக்கீங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தனித்தனியா பயந்துகிட்டு இருந்திருக்கோம். அறிவு வேணாமா மனுஷனுக்கு?"

அவர் உள்ளே போய்விட்டார். மாஸ்டரும் பின்னாலேயே போனார். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவே அக்கா தன் செருப்பின் வார் அறுந்திருப்பதாகவும், விடிகிறதற்குள் தைத்துக் கொடுக்கும்படியும் மாஸ்டரை அதட்டிக்கொண்டிருந்தார்.